பச்சைக் கயிறு

"ஒரு குருவிக் கூட்டுக்காகப் பூனையைச் சாக்குல கட்டிக் கொண்டுபோய் விடுறதா, அங்கிள்?"

"நான் வேலைக்குப் போயிருந்தேன்மா. வந்து பார்த்தா எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்க ஆன்ட்டி, பக்கத்து வீட்டு லோரில ஏத்தி, தஞ்சோங் காராங் மீன் மார்க்கெட்ல இறக்கிட்டா. அங்க மீன் தலை கிடைக்குமாம், பொழைச்சுக்குமாம். பெரிய தர்மம் பண்ணிட்டா."

முருகையா குரலைத் தாழ்த்தியே பேசினார். அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த மனைவி கலாவதியின் காதில் விழக்கூடாது என்பது அவர் கவலை. எதிரே உட்கார்ந்திருந்தவள் புகைப்படக்காரி கிளாரிஸ்ஸா. பூனை போன கதை அவளுக்கு இன்றுதான் தெரியும்.

ஈஜோக் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு, சட்டம் போட்ட படத்தைக் கொடுக்க வந்திருந்தாள். இதே வீட்டுப் பின்வாசல் செம்பருத்தியில் தொங்கும் கூடு, அதைப் பற்றிக்கொண்டு ஒரு தாய்த் தேன்சிட்டு, உள்ளிருந்து நீளும் இரண்டு சின்ன வாய்கள். அந்த ஒரு படம்தான் அவளுக்குப் பரிசும் பெயரும் வாங்கிக் கொடுத்தது. "நான் எதையும் தொடமாட்டேன். காத்திருப்பேன். அவ்வளவுதான் என் கலை" என்று அவள் பேட்டியில் சொன்னதைக் கலாவதி நாலு வீட்டுக்குக் கைப்பேசியில் காட்டியிருந்தாள்.

ஆனால் தொட்டிருந்தாள். பறவைகளைத் தேடிக் கோலா சிலாங்கூர் சதுப்புக் காட்டுக்குப் போகத் தொடங்குமுன், எட்டு வருடம் கல்யாணப் படம் எடுத்தவள் அவள். மாலை மணப்பெண்ணின் முகத்தை மறைத்தால், ஊசி குத்தி ஒதுக்கிவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவாள். கைக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. அன்றும் கூட்டை மறைத்த இலைக்கிளையைப் பச்சைக் கயிற்றால் இழுத்து வேலிக்கம்பியில் கட்டினாள். பத்தே நிமிடம், அவிழ்த்துவிடலாம் என்று. வெயில் கூட்டின்மேல் விழுந்தது. தாய் வந்தது, ஊட்டியது, போனது. நினைத்த படம் கிடைத்தது. அவளுக்குத் தெரிந்த கூடு, கூரைமேல் இருந்த காகத்துக்கும் தெரிந்தது.

அது கூட்டைக் கிழித்தபோது எழுந்து கைதட்டியிருந்தாலே போதும். விரலோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. பதின்மூன்று படங்கள். குஞ்சுகளை ஒவ்வொன்றாய்க் கவ்விய காகத்தின் பின்னால் கேமராவும் திரும்பியதால், எல்லாவற்றின் ஓரத்திலும் கயிறு விழுந்திருந்தது. பிறகு கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல படம் கிடைச்சுது ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அந்தப் படங்களை யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் கலாவதி கிழிந்த கூட்டைப் பார்த்தபோது, செடிக்குக் கீழே பூனை படுத்திருந்தது.

"குஞ்சுகளை மண்டோரு புடிக்கலைம்மா," என்றார் முருகையா. லயத்தில் வீடு வீடாக மேற்பார்வை பார்க்கும் கங்காணிபோல் நடந்ததால் பூனைக்கு அந்தப் பேர். "அதுக்கு வெயில்ல தூங்கறதே பெரிய வேலை."

"திரும்பவும் பூனைக் கதையா?" தேநீரோடு வந்தாள் கலாவதி. "மூணு தடவை மார்க்கெட்டுக்கு மோட்டார்ல போயிட்டாரும்மா. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரே தடவைதான் வந்தாரு."

"நீதான் தொலையலையே."

சிரித்துக்கொண்டே படத்தை மடியில் வைத்துப் பார்த்த கலாவதியின் முகம் மாறியது. மழை பெய்தபோதெல்லாம் கூட்டுக்குக் குடை பிடித்தவள் அவள். "எவ்வளவு பசி பாரு, ரெண்டுத்துக்கும். உன் புண்ணியத்துல படத்துலயாவது இருக்குங்க, கிளாரிஸ்ஸா." முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "சாமி மேடைக்குப் பக்கத்துலயே மாட்டுறேன். ஆணி தேடிட்டு வரேன்."

தேநீர்க் குவளை சுட்டது. கிளாரிஸ்ஸா அதைக் கீழே வைக்கவில்லை.

உள்ளே டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. முருகையா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அவ மனசு கல்லு இல்லம்மா. தப்புன்னு தெரிஞ்சா அவளே என்னோட மோட்டார்ல ஏறித் தேட வந்துருவா. அன்னிக்குக் காலையில பூரா நீங்க இங்கதான இருந்தீங்க? காக்காயோ பாம்போ, எதாச்சும் கேமராவுல விழுந்திருக்கும்லா. வீட்டுக்குப் போயி நல்லாத் தேடிப் பாருங்க. இருந்தா, அந்தப் படத்தையும் அவகிட்ட காட்டிருங்கம்மா."