நூற்றிருபது பவுண்டு கையெழுத்து

எங்கள் ஸ்கார்டேல் கிராமத்தில் நார்மன் எல்லர்பி சந்தேகப்படாத ஒரே ஆள் நார்மன் எல்லர்பிதான். கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்மன்றத் துணைத்தலைவர், லீக் என்ற பெரிய வெங்காயத்தாள் வளர்க்கும் போட்டிக்கு நடுவர். வியாழன்தோறும் பெரியவர்களைச் சந்தைக்கு அழைத்துப் போகும் ஊர் மினி பஸ்ஸைச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறவரும் அவரே. ஓட்டுநர் என்று சொன்னால் பிடிக்காது. 'போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்' என்று அட்டை அடித்து வைத்திருக்கிறார்.

ஜனவரியில் கிளினிக் சுவரில் ஒரு கட்டணப் பட்டியல் முளைத்தது. பயணக் காப்பீட்டுக்குக் கடிதம் நாற்பது பவுண்டு, துப்பாக்கி உரிமத்துக்குச் சான்று எண்பது, ஓட்டுநர் உடற்தகுதிப் படிவம் நூற்றிருபது. நார்மன் அதை மூன்று கோணங்களில் படம் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனார்.

"இலவச வைத்தியம்னு சொல்லிட்டு ஓட்டல் மாதிரி விலைப்பட்டியல் மாட்டியிருக்கீங்களே?"

"வைத்தியம் இலவசம்தான், மிஸ்டர் எல்லர்பி" என்றாள் மோய்ரா. "காகிதத்துக்குத்தான் காசு."

"என்ன காகிதம் அது, தங்கத்துல இழைச்சதா?"

"நீங்க வீட்டுலேர்ந்து காகிதம் கொண்டுவந்தாலும் அதே விலைதான்."

அன்று தொடங்கியது பிரசாரம். சந்தைக்குப் பதினொரு மைல். பஸ்ஸில் பன்னிரண்டு பேர். இறங்கி ஓட முடியாத கூட்டம் எந்தப் பேச்சாளருக்கும் எளிதில் அமைவதில்லை.

"டாக்டரம்மா புதுக் காரைப் பாத்தீங்களா? நாப்பத்தஞ்சு வருஷம் நான் கட்டின வரி அது. படிவத்தை யாரும் படிக்கிறதே இல்லை. நூத்தி இருபதை நீட்டுங்க, செத்தவனுக்கும் லைசென்ஸ் எழுதிக் குடுப்பாங்க!"

முதலில் சிரித்தார்கள். பிறகு தலையாட்டினார்கள். ஈஸ்டருக்குள் ஊரே நம்பிவிட்டது. டாக்டர் ஹெதர் புரூம் கடைக்குப் பால் வாங்க வந்தால்கூட, அவர் பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் மாதம் நார்மனுக்கு எழுபது வயது நிறைந்தது. எழுபதுக்கு மேல் மினி பஸ் ஓட்ட வேண்டுமானால் டாக்டர் பரிசோதித்துப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் போய்விடும். ஸ்டியரிங் இல்லாத ஒருங்கிணைப்பாளர் எதை ஒருங்கிணைப்பார்? நூற்றிருபது பவுண்டை மோய்ராவிடம் கட்டி, ரசீதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இதுக்கு எதுக்கு டாக்டர் காசு? உண்மையைச் சொல்லுங்க."

"அரசாங்கம் எங்களுக்குப் பணம் குடுக்கிறது நோயைப் பாக்க. நீங்க நோயாளி இல்லை. லைசென்ஸ் ஆபீஸ் கேக்குற கேள்விக்குப் பதில் வாங்க வந்திருக்கீங்க. அதுக்கு அவங்களும் தரமாட்டாங்க, அரசாங்கமும் தராது. இந்த அரைமணி நேரத்துல மூணு நோயாளியைப் பாத்திருப்பேன். இந்த இடத்துக்கு வாடகை, மோய்ராவுக்குச் சம்பளம், எல்லாம் என் தலையில. நாளைக்கு நீங்க பஸ்ஸைப் பள்ளத்துல இறக்கினா, ஏன் கையெழுத்துப் போட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

பதில் மிகவும் சரளமாக வந்தது. ஒத்திகை பார்த்த பதில் என்று நார்மன் மனத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார் டாக்டர். மேல் மூன்று வரிகளை நார்மன் கம்பீரமாகப் படித்தார். நான்காவதில் குரல் தணிந்தது. ஐந்தாவதில், பலகை அழுக்காக இருக்கிறது என்றார்.

"இந்தப் பார்வைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, மிஸ்டர் எல்லர்பி."

"காசு கட்டியிருக்கேனே!"

"பாக்கிறதுக்குத்தான் காசு. பாஸ் போடுறதுக்கு இல்லை. புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க."

மூன்று வாரம் மினி பஸ் கொட்டகையில் நின்றது. பிரேக்கில் வேலை நடக்கிறது என்று நார்மன் ஊருக்கு அறிவித்தார். பழைய பிரேமிலேயே புதுக் கண்ணாடியைப் போட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போனார். டாக்டர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட்டார். இரண்டாவது தடவைக்குக் காசு வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று நார்மனுக்கு நான்கு நாள் தூக்கமில்லை.

புதிய உரிமம் வந்த வியாழக்கிழமை, பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். யாரும் ஏறவில்லை. எண்பத்திரண்டு வயது பெரில் முன்னால் வந்து நின்றாள்.

"படிவம் வாங்கிட்டியா, நார்மன்?"

"வாங்கிட்டேன். முறைப்படி."

"எவ்வளவு குடுத்த?"

"நூத்தி இருபது."

பெரில் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "சொன்னேன்ல?"

"செத்தவனுக்கும் எழுதிக் குடுப்பாங்கன்னு நீதானே கண்ணு சொன்ன" என்றாள் வரிசையில் பின்னால் நின்ற கிளெனிஸ். "நான் டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்."

நார்மன் பஸ்ஸை விட்டு இறங்கினார். அரசாங்கம் நோய்க்குத்தான் பணம் தருகிறது, அரைமணி நேரத்தில் மூன்று நோயாளி, வாடகை, மோய்ராவின் சம்பளம், பள்ளத்தில் இறங்கினால் பொறுப்பு என்று மூச்சுவிடாமல் விளக்கினார். டாக்டர்கூட இவ்வளவு உருக்கமாகச் சொல்லவில்லை.

"அந்தம்மா உனக்கு எவ்வளவு கமிஷன் குடுக்குறா?" என்றாள் கிளெனிஸ்.

தெருமுனையில் டாக்ஸி திரும்பியது. நார்மன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"முதல் தடவை அவங்க கையெழுத்துப் போடல."

"என்னது?"

"காசை வாங்கிக்கிட்டு என்னை ஃபெயில் பண்ணிட்டாங்க. கண்ணு தெரியலைன்னு. இது புதுக் கண்ணாடி. போதுமா?"

பெரில் மெல்லக் கணக்குப் போட்டாள்.

"அப்போ பிரேக் வேலை?"

"பிரேக்குக்கு ஒண்ணுமில்லை."

"அப்போ இவ்வளவு நாளும் கண்ணு தெரியாமத்தான் எங்களை வச்சு பஸ் ஓட்டினியா, கடன்காரா?"

டாக்ஸி வந்து நின்றது. பெரில் அதை ஒரு பார்வை பார்த்தாள், பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைத்தடியைப் படியில் ஊன்றி பஸ்ஸில் ஏறினாள்.

"காசை வாங்கிட்டும் முடியாதுன்னு சொன்னாளா? அப்போ அவ கையெழுத்தை நம்பலாம். உன்னைத்தான் நம்ப முடியாது. நான் முன்சீட்டுல உக்காருறேன். வழியில இருக்குற பலகை ஒண்ணு விடாம நீ சத்தமாப் படிக்கணும்."

பதினொரு மைலும் படித்தார். டாக்டரைப் பற்றிப் பேச இடமே இருக்கவில்லை.