இரும்புக்கால்

விடியலின் வெளிச்சம் கூரைக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே சலவையகத்தில் உருளை சுழலத் தொடங்கிவிடும். மருத்துவமனையிலிருந்து வந்த விரிப்புகள் துவைத்துப் பிழியப்பட்டு, ஈரக் கனத்தோடு கூடைகளில் குவிந்திருக்கும். அவற்றை உதறி, நீராவியில் காய்ந்த இரும்பு உருளையின் வாய்க்குள் கொடுக்க வேண்டும். மறுபுறம் விறைத்து வருவதை வாங்கி மடிக்க வேண்டும். நீராவிக் குழாய் தரைக்கடியில் ஓடியது. வாய்ப்பக்கத்தில் அது மேற்பரப்பை ஒட்டிக் கிடந்ததால் அங்கே சிமெண்டுத் தரை அடுப்புக்கல்லாகக் காய்ந்தது. விரிப்பில் அழுக்குப் படக்கூடாதென்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். ஆகவே அவ்விடத்தில் நின்றவர்கள் ஓயாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

ஒருவர் மட்டும் அசையாமல் நின்றார். அவரை எல்லோரும் இரும்புக்கால் என்றே அழைத்தார்கள்.

வாய்ப்பக்க வேலை முறைவைத்து எல்லோருக்கும் வரும். ஒருவருடைய முறையை இன்னொருவர் ஏற்றால், முறை விட்டவர் தம் தேநீரை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரும் எழுதிவைக்காத, யாரும் மீறாத ஏற்பாடு அது. இரும்புக்கால் எல்லோருடைய முறையையும் ஏற்றார். சர்க்கரை அடியில் தேங்கிய எல்லோருடைய தேநீரையும் குடித்தார். அவருக்கு நீரிழிவு இருப்பதை அனைவரும் அறிவார்கள். ஆனால் வலியோடு வேலைக்கு வந்து பழகியவர்களுக்கு, வலிக்காத ஒன்றை நோயென்று எண்ணத் தோன்றவில்லை. உடம்பு சோர்ந்த நாளில் மட்டும் அவர் மாத்திரை போட்டுக்கொள்வார்.

"அண்ணே, இந்தக் கால எந்தக் கடையில வாங்கினீங்க? எனக்கும் ஒரு ஜோடி சொல்லுங்க" என்றாள், கறை பிரிக்கும் வேலை செய்யும் வாயாடி.

"என் பொண்டாட்டி பேச்சுல நின்னு நின்னு பழுத்த காலும்மா இது. அதுக்கு முன்னால இந்தச் சூடெல்லாம் எம்மாத்திரம்?"

உருளையின் மறுபுறம் மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னாள்: "வீட்டுக்கு வாங்க, மிச்சச் சூட்டையும் காட்டுறேன்."

அப்போதுதான் அவள் கைக்கு வந்த விரிப்பின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. துரு என்று நினைத்து ஒதுக்கினாள். அடுத்த விரிப்பிலும் அதே கறை. உருளையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். கணவர் நின்ற இடத்தில், ஒரே ஒரு பாதத்தின் ஈரத்தடம் மட்டும் பதிந்து பதிந்து கிடந்தது; விரிப்புகளின் ஓரம் அதன்மேல் புரண்டது. அவரைக் கூடையின்மேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கினாள். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வெடித்துச் சதை வெளுத்திருந்தது. விரல் நுனி கறுத்திருந்தது. வாடை அடித்தது.

இரும்புக்கால் குனிந்து, பிறர் பாதத்தைப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "வலிக்கவே இல்லையே" என்றார். அந்தக் குரலில் இன்னமும் சற்றுப் பெருமை இருந்தது.

மருத்துவமனையில் செவிலி உப்புநீரால் புண்ணைக் கழுவினாள். சலவையகத்தில் நீராவிக் கொதிகலனைக் கவனிப்பவரும் துணைக்கு வந்திருந்தவருமான பாய்லர்காரர் அதைக் காண மாட்டாமல் சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "இவ்வளவு பெரிய புண்ணு, ஏன் சிஸ்டர் தெரியல?"

"ரத்தத்துல சர்க்கரை ரொம்ப நாள் ஏறியே இருந்தா நரம்பு கெட்டுப்போயிடும். பாதத்துலதான் முதல்ல. சுட்டா, சுடுதுன்னு மூளைக்குச் சொல்ல ஆள் இருக்காது. ரத்த ஓட்டமும் குறைஞ்சிடறதால புண்ணு லேசுல ஆறாது."

"நாங்க அதை பலம்னுல்ல நெனச்சோம். டீயை வேற குடுத்து..."

"டீ மட்டும் காரணமில்லைங்க" என்றவள், கட்டுத்துணியைப் பிரித்தவாறே சேர்த்துக்கொண்டாள், "அதுவும்தான்."

பிறகு அவள் மனைவியிடம் திரும்பினாள். "அக்கா, வலி போச்சுன்னா கண்ணுதான் காவல். தினமும் அடிப்பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பாருங்க. வெதுவெதுப்பான தண்ணில கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமத் துடைங்க. தண்ணியோட சூட்டை அவர் காலால பாக்கவிடாதீங்க, உங்க முழங்கையால பாருங்க. இன்சுலின் ஊசி போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும். வேர்த்து நடுங்கினா உடனே சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு எங்களைக் கூப்பிடுங்க. வெறுங்கால் கூடவே கூடாது, வீட்டுக்குள்ளயும்."

"அங்க செருப்பு போட விடமாட்டாங்க சிஸ்டர். விரிப்பு அழுக்காயிடுமாம்."

செவிலி குனிந்து பார்த்தாள். புண்பட்ட பாதத்தின் கீழே வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அந்த மடிப்பு யாருடைய கையால் ஆனது என்று மனைவிக்குத் தெரியும்.

"விரலை எடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றாள் செவிலி மெல்ல. "பாதம் தங்கணும்னா இனி அது சூட்டுலயும் நிக்கக் கூடாது, செருப்பில்லாமலும் நிக்கக் கூடாது."

மறுநாள் உருளைக்கருகில் முதலாளியை மறித்து மனைவி கேட்டாள்: "அவரு திரும்பி வந்ததும் மடிப்புப் பக்கம் உக்காந்து செய்ய இடம் குடுங்க. எல்லாருக்கும் உள்ள மட்டும் போட ஒரு செருப்பு வேணும். சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது."

"சர்க்கரை வியாதி என் மெஷின்லேர்ந்தா அவனுக்கு வந்துச்சு?"

"சர்க்கரை உங்களது இல்ல முதலாளி. சூடு உங்களது."

"நிக்க முடியாதவனுக்கு இங்க என்ன வேலை? வேற ஆள் போட்டுக்கறேன். செருப்பு உள்ள வந்தா விரிப்பு கெடும், ஆர்டர் போயிடும்."

"உங்க பூட்ஸ் மட்டும் பறந்தா வருது முதலாளி?" என்றது வாயாடியின் குரல், கூடைகளுக்குப் பின்னாலிருந்து.

முதலாளி தம் கால்களைக் குனிந்து பார்த்தார். "வாயைக் குறைச்சுக்கோ" என்று நடந்துவிட்டார். பளபளத்த காலணிகள் ஈரத் தரையில் அழுத்தமாகத் தடம் பதித்துச் சென்றன.

மாலையில் வேலை முடிந்து எல்லோரும் கொல்லைக் குழாயடியில் கூடினார்கள். மனைவி துடைப்பத்திலிருந்து ஒரு மெல்லிய குச்சியை உருவிக்கொண்டாள். உணர்ச்சி இருக்கிறதா என்று செவிலி மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதித்ததை அவள் பார்த்து வந்திருந்தாள். "கண்ணை மூடிக்கோங்க. தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

"ஐயோ, கூசுது அக்கா!" என்று வாயாடி காலை இழுத்துக்கொண்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் பாய்லர்காரர் கண்ணை மூடிக் கால்களை நீட்டினார். குச்சி விரலடியைத் தொட்டது; உள்ளங்காலைத் தொட்டது.

"ம், தொடும்மா" என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை.

"தொட்டுட்டேன் அண்ணே."

கண்ணைத் திறந்தவர் நெடுநேரம் தம் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லணும்" என்றார் பிறகு. "ஒருத்தன் முறையை இன்னொருத்தன் வாங்குறது இன்னியோட போதும். நாம சூட்டை மாத்தி மாத்திப் பங்குதான் போட்டோம். குறைக்கச் சொல்லிக் கேக்கவே இல்ல. நாளைக்கு நான் நீராவி வால்வைத் திறக்கல. நீங்க?"

"நான் செருப்பைக் கழட்டல" என்றாள் மனைவி. மற்றவர்களும் தத்தம் செருப்பை அந்தக் குழாயிலேயே தேய்த்துக் கழுவத் தொடங்கினார்கள்.

விடியலில் வாசற்படி காலியாகக் கிடந்தது. கழுவிய செருப்புகளோடு எல்லோரும் உருளையின் முன் நின்றார்கள். ஈர விரிப்புகள் கூடையிலேயே கிடந்தன. முதலாளி வந்தார்.

"கழட்டிட்டு வேலையைப் பாருங்க. இல்லன்னா எல்லாரும் வெளிய போங்க. நாளைக்கே புது ஆளுங்க வருவாங்க."

"வரட்டும்" என்றாள் மனைவி. "அவங்களுக்கும் கால் இருக்கும்."

அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். யாரை அழைக்கிறார் என்பது தெரியவில்லை. மருத்துவமனையில் அந்தப் பாதம் தங்குமா என்பதும் அந்நேரம் தெரியாது. பாய்லர்காரர் மூடிய வால்வின்மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார். தரைக்கடியில் குழாய் ஆறிச் சுருங்கும் ஓசை மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

அன்று அந்தத் தரையில் ஒருவரும் கால் மாற்றி நிற்கவில்லை.