டாக்டர் ஆராவமுதனின் சுவரில் முளைத்த பட்டங்கள்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜோகுபாளையத்து மனநல மருத்துவர் ஆராவமுதனின் கிளினிக் சுவரில் பல் மருத்துவப் பட்டம் ஒன்று முளைத்தது. தேக்குச் சட்டம், சிவப்பு முத்திரை, துணைவேந்தர் கையெழுத்து எல்லாம் இருந்தன. பெயரும் அவர் பெயர்தான். அப்பா பெயர்கூடச் சரி. ஆணி மட்டும் இல்லை. ஆராவமுதனுக்கு ஐம்பத்தொரு வயது. லண்டனில் இரண்டு வருஷம் சிஸோஃப்ரினியா ஆராய்ச்சி, முப்பத்தொரு கட்டுரைகள். இல்லாத குரல் கேட்பவர்களோடும் இல்லாத ஆளைப் பார்ப்பவர்களோடும் கால் நூற்றாண்டு உட்கார்ந்தவர், அவசரப்படுவாரா? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தார். கடைசியில் நர்ஸ் கேத்தரினைக் கூப்பிட்டு, நோயாளிகளிடம் கேட்கிற அதே குரலில், "அங்க என்ன தெரியுது?" என்றார். "பி.டி.எஸ். சர்ட்டிஃபிகேட் சார். பல்லும் படிச்சிருக்கீங்களா, சொல்லவே இல்ல?" என்றாள் அவள். இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது பிரமை இல்லை. பிரமையாக இருந்திருந்தால் மருந்தாவது இருக்கிறதே என்று மனுஷர் நொந்துபோனார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆவணி முடிவதற்குள் தோல் வைத்தியம், கால்நடை, வக்கீல் படிப்பு, யோகா, தமிழ் வாத்தியார் பயிற்சி என்று சுவர் முழுக்கப் பட்டங்கள். பட்டத்தோடு வித்தையும் வந்தது, அதுதான் கூத்து. சிக்னலில் நின்ற மாட்டைப் பார்த்ததும் அதற்கு வயிறு உப்புசம் என்று தெரிந்தது. பாகற்காய் நறுக்கும் மனைவி பாகீரதியின் கையைப் பார்த்து என்ன களிம்பு என்று சொன்னார். ஆனால் ஒவ்வொன்று வரும்போதும் அவருடைய சொந்த எம்.டி. பட்டத்தில் ஒரு வரி வெளுத்தது. மண்டைக்குள்ளும் அந்த அளவு காலியானது. அவர் எழுதிய கட்டுரைகளைத் தேடிப் பார்த்தால் பாதி ஈறு வீக்கத்தைப் பற்றி இருந்தன. மருத்துவர் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டால், "ஹௌது, ஆமா சார், டென்டிஸ்ட்னே இருக்கு, ஏன், அட்ரஸ் மாத்தணுமா?" என்று ஒருவர் சாவகாசமாகக் கேட்டார்.

புதிரை விடுவித்தவள் கேத்தரின்தான். வருகிற குடும்பங்கள் எல்லாரும் அவளிடம்தான் குசுகுசுப்பார்கள். ஊரில் யாரும் மனநோய் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்வதில்லையே! ஸ்ரீராம்புரத்துக்காரர்கள் யார் கண்ணிலும் படாமல் ஜோகுபாளையம் வருவார்கள், ஜோகுபாளையத்துக்காரர்கள் ஸ்ரீராம்புரம் போவார்கள், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஐடி கம்பெனி ஹரிஷ்குமார் மானேஜரிடம் முதுகுவலிக்கு யோகா என்றான். ஒரு பேங்க் ஆபீசர் தேமல் என்றார். ஒரு குடும்பம் நாய்க்கு ஊசி என்று சொல்லிவிட்டு, பிறகு பயந்துபோய் நாயே வாங்கிவிட்டது. "வெளிய நீங்க என்னன்னு சொல்றாங்களோ, அதுவா ஆயிட்டு வரீங்க சார்" என்றாள் கேத்தரின். பல் டாக்டர் என்று சொன்னது சொர்ணம்.

சொர்ணம் ஸ்ரீராம்புரத்தில் மாநகராட்சித் துப்புரவு வேலை பார்ப்பவள். மகன் பாலகுமாருக்கு இருபத்துநாலு வயது. சுவருக்குப் பின்னால் நாலு பேர் அவன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருப்பார்கள். நாலு டாக்டரைப் பார்த்தும் வாய் திறக்காதவன், ஆராவமுதனிடம்தான் அந்த நாலு பேரைப் பற்றிச் சொன்னான். வாராவாரம் ரத்தம் சோதித்துத்தான் தர வேண்டிய ஒரு மாத்திரையை அவர் ஆறு மாதமாகக் கொடுத்து வந்தார். நாலு பேர் ஒருவனாகக் குறைந்தார்கள், அவனும் முணுமுணுப்போடு சரி. பாலகுமார் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சொர்ணத்துக்கோ, மகள் லாவண்யாவுக்கு வரன் பார்க்கிற நேரம். குப்பையை வைத்தே ஒரு வீட்டின் கதையைச் சொல்லக்கூடியவள் அவள், தன் வீட்டுக் குப்பையில் மாத்திரை அட்டை விழ விடுவாளா? எல்லாவற்றையும் பிரித்துப் பல்பொடி டப்பாவில் கொட்டி வைத்திருந்தாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை பாலகுமார் எதிரே வந்து உட்கார்ந்தான். "சார், நேத்துலேர்ந்து ரெண்டாவது ஆளு திரும்பி வந்துட்டான்" என்றான். ஆராவமுதன் அவனையே பார்த்தார். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் சாய்ந்து முளைக்கிறது என்று தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. "யாரு? எங்கேர்ந்து வந்தான்?" என்று கேட்டார். பாலகுமார் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஃபைலைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் பல் வரிசைப் படம். பல்பொடி டப்பாவில் சனிக்கிழமை வரைக்கும்தான் மாத்திரை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், அவருக்கு ஒன்றும் நினைவில்லை. கூட வந்திருந்த சொர்ணம், "என்னா சார், வெளாடறீங்களா?" என்று கத்தினாள்.

அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே கண் சுவர் மூலைக்குப் போனது. அங்கே நரம்பியல் பட்டம் ஒன்று இருபத்திரண்டு வருஷமாகத் தொங்குகிறது. அதைத் தான் எப்போது படித்தோம் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. மல்லேஸ்வரத்தில் பாகீரதியைப் பெண் பார்க்கப் போன அன்று அவர் அம்மா "பையன் நரம்பு டாக்டர்" என்றாள். இவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அடக் கடவுளே, முதல் பொய்ப் பட்டம் நம்முடையதா! வெட்கத்தில் காது சுட்டது. சொர்ணம் பார்க்கப் பார்க்க மாமனாருக்குப் போன் போட்டு, "மாமா, நான் நரம்பு டாக்டர் இல்ல. மனநோய் டாக்டர்" என்றார். மாமனார், "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே மாப்ளே. விசாரிக்காமலா பொண்ணு கொடுத்தோம்? நீங்க சொல்லட்டும்னுதான் இருந்தோம்" என்றார். மூலையிலிருந்த பட்டம் காணாமல் போனது. எம்.டி. பட்டத்தில் ஒரு வரி கறுப்பாகத் திரும்பி வந்ததைச் சொர்ணம் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வரன் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அத்தை. சொர்ணத்தோடு ஒரே வரிசையில் துடைப்பம் பிடிப்பவள். உண்மையை ஞாயிறு தாண்டிச் சொன்னால் ஆகாதா என்று சொர்ணம் இரவெல்லாம் மண்டையைக் குடைந்துகொண்டாள். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மகன், எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பேர் கூப்பிட்டு ஹாஜரி எடுக்கிற இடத்தில், முப்பது பெண்களுக்கு நடுவே, தன் பேருக்கு "இருக்கேன்" என்று சொன்ன கையோடு, "எம் புள்ளைக்கு மனநோய். அவன் பாக்கறது பல்லு டாக்டர் இல்ல, மனநோய் டாக்டர்" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, "தெரியும்க்கா. வாராவாரம் பாக்க அவனுக்கு என்ன நூறு பல்லா இருக்கு?" என்றாள். அத்தைக்காரி மட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அந்நேரம் ஜோகுபாளையத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஆராவமுதனுக்கு, காலையில் நூறு, ராத்திரி இருநூறு என்று எல்லாம் ஞாபகம் வந்தது. வாய் நுரையோடு போனை எடுத்து, "பாலு, அந்த ரெண்டாவது ஆளு என்ன சொல்றான்?" என்று கேட்டார். பாலகுமார் முக்கால் மணி நேரம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து யாரும் வரவில்லை. லாவண்யா புதுப் புடவையோடு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாள், அழுதாள், அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் செய்த கேசரியை அண்ணனுக்குத்தான் முதலில் போட்டாள்.

சுவரில் சில பட்டங்கள் போயின, சில போகவில்லை. நாய் வாங்கியவர்கள் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. நாய்க்கு இப்போது அங்கேதான் ஊசி. பல் பட்டமும் அப்படியே நிற்கிறது, ஏன் என்று கேத்தரினுக்கே தெரியாது. சனிக்கிழமைகளில் ஆராவமுதன் பல் பிடுங்குகிறார், நல்ல கைராசி என்று பேர். தை பிறந்ததும் சொர்ணமே பல வருஷமாக வலித்த சொத்தைப் பல்லைக் காட்டப் போனாள். வாயில் பஞ்சோடு திரும்பியவளைத் தெருவில் நிறுத்தி, யாரிடம் பிடுங்கினாய் என்று கேட்டார்கள். "மனநோய் டாக்டர்கிட்ட" என்றாள். வலித்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேர் அட்ரஸ் வாங்கிக்கொண்டார்கள்.