தையல் வெளியே தெரியும் சட்டை

1

இந்தக் கதை எனக்குத் துணிக்கொடியிலிருந்து கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பது என் வேலை இல்லை. ஆனால் யாராவது பார்க்க வேண்டுமே. மூன்று பருத்திச் சட்டைகள் தொங்கின, மூன்றிலும் தையல் வெளிப்பக்கம். காயப்போடும்போது புரட்டிப் போடுவது உண்டுதான். ஆனால் அந்த வீட்டு அக்கா அதே கோலத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கும் வந்து நின்றார். அவர் கணவரோ முப்பது வருஷத் தையல்காரர்.

கதைக்கு நான் முதலில் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: "துயரம் தோய்ந்த அந்தச் சட்டை..." வேண்டாம். அதில் தோய்ந்திருந்தது சோப்புத் தண்ணீர்தான்.

2

(இந்தப் பகுதியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து அக்காவுக்கு நிதானம் போய்விட்டது, சட்டையைத் திருப்பிப் போடக்கூடத் தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டே வீட்டில்தான் சொன்னேன். மூன்றாவது வீட்டில் அதை எனக்கே சொன்னார்கள், கொஞ்சம் சேர்த்து.

மனசு கேட்காமல் ரோஜா வாசனை லோஷன் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சிரித்துவிட்டு விளக்கினார். மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன், மொத்தம் இருபத்தைந்து நாள். அன்றைக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அக்குள் பக்கம் தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கிறது. அது பிரிந்து புண்ணானால் டாக்டர் சில நாள் நிறுத்தி வைக்கலாம். அக்கா கணக்கு டீச்சர், எதையும் பாதியில் நிறுத்தப் பிடிக்காது. அதனால் வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றியெடுக்கும் துண்டு, நர்ஸ் சொன்ன களிம்பு மட்டும். வாசனை எதுவும் ஆகாது.

"லோஷனை நீயே போட்டுக்கோ. வாசம் ஜன்னல் வழியா வரும், நாங்க வாங்கிக்கறோம்."

3

தையல்காரரை எழுதுவதுதான் சிக்கல். அன்பான கணவர் என்றால் நீங்கள் நம்புவீர்கள், நான் நம்ப மாட்டேன். வாய் திறந்தால் பட்டன் பேச்சுதான். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.*

முதல் சட்டையை வழக்கம்போலத் தையலை உள்ளே வைத்துத்தான் தைத்தாராம். சாயங்காலம் அக்காவின் அக்குளில் தையல் போன வழியே ஒரு சிவப்புக் கோடு. மறுநாளே பிரித்து, தையலை வெளியே திருப்பி, கழுத்து லேபிளையும் வெட்டி எறிந்தார். அதோடு விட்டாரா? வெளியே போகும்போது மேலே ஒரு சால்வை போர்த்திக்கொள்ளச் சொன்னார். பார்க்கிறவர்கள் அவர் தொழிலைத்தானே குறை சொல்வார்கள்?

சால்வையும் அக்குளில் உரசும். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"உங்க பேர் கிழிஞ்சா தைச்சுக்கலாம். என் தோல் கிழிஞ்சா எதை வெச்சுத் தைப்பீங்க?"

அடுத்த சட்டையில் வெளித்தையல் நேர்கோடாக, நீல நூலில், இரட்டையாக ஓடியது. கண்ணில் படப்போகிற தையலாயிற்றே.

* இதெல்லாம் தெரிந்ததும் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்த் திருத்திச் சொன்னேன். அவர்களுக்குப் பழைய கதைதான் பிடித்திருந்தது.

4

முடிவு அ: இருபத்தைந்தும் தடையில்லாமல் முடிந்து, அக்கா வாசலில் இறங்க, தெருவே... (தெரு வேலைக்குப் போயிருக்கும்.)

முடிவு ஆ: இருபத்துமூன்றாம் நாள் தோல் பிரிந்து, டாக்டர் ஒரு வாரம்

இதற்குமேல் கை ஓடவில்லை.

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் தூக்கினார். தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் பழுது தேடுகிறவர்போல் குனிந்து பார்த்தார்.

"சிவப்பு இருக்கு. பிரியல."

"இருபத்தொண்ணு முடிஞ்சுது," என்றார் அக்கா. "இன்னிக்கு வரைக்கும் இதுதான் கதை. எழுதிக்கோ."

பிறகு மூவரும் டீ குடித்தோம். நன்றாகவே இருந்தது. மிச்ச நாலு நாளின் எண்களை நான் தொடப்போவதில்லை, உங்களிடம் விடுகிறேன். எழுதும்போது பேனாவை அழுத்தாதீர்கள்.

22.

23.

24.

25.