கழுத்து நார்மல்

பரீட்சை நாட்களில் அக்காவின் வீட்டில் காலைப் பேச்சு எப்போதும் ஒன்றுதான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஆரம்பிப்பார்.

"இன்னைக்கு என்ன வியாதி?"

"தைராய்டு."

"சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுமா?"

"நாலு மணிக்குச் சரியாயிடும்."

"அப்ப நாலரைக்கு வர்றேன். குணமாகி வாசல்ல நில்லு."

அக்காவின் வேலை அப்படி. மருத்துவக் கல்லூரியில் பரீட்சை வைக்கும்போது நோயாளியாக நடிக்க வேண்டும். நிஜமாகவே முடியாமல் கிடப்பவரை எழுப்பிவந்து, பத்துப் பேரை விட்டு வயிற்றை அமுக்கச் சொன்னால் அந்த ஆள் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால், நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஆட்களைப் பிடித்து, வியாதியை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். கல்லூரிக் காகிதங்களில் அவளுக்குப் பெயர் மாதிரி நோயாளி. ஆபீஸில் 'அஞ்சாம் ரூம் அக்கா' என்றார்கள். அது தேய்ந்து தேய்ந்து வெறும் அக்காவாக நின்றுவிட்டது. இரண்டு வருஷத்தில் அவளுக்கு இரண்டு முறை மாரடைப்பு, நான்கு முறை குடல்வால் அழற்சி வந்துபோயிருக்கின்றன. ஒருமுறை விதவையாகவும் நடித்தாள். அன்று ராத்திரி முழுக்க கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் ஒரே சுற்றுச்சுவர், இரண்டு வாசல். முன் வாசல் நோயாளிகளுக்கு. பின் வாசல் மாணவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும். அவர் எப்போதும் அவளைப் பின் வாசலில்தான் இறக்கிவிடுவார். "முன் வாசல்ல விட்டா நிஜமாவே படுக்க வச்சிடப் போறாங்க" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. அவள் நிரந்தரமாகச் சிரித்துவைப்பாள்.

அன்றைய தாளில் இருந்தது இதுதான்: தையல்கடை நடத்தும் பெண், மூன்று மாதமாகக் களைப்பு, முடி கொட்டுகிறது, உடம்பு கனத்துப்போகிறது, குரல் கம்மியிருக்கிறது. கழுத்து நார்மல். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள்.

முந்தின வாரம் ஒத்திகையில், பயிற்சி கொடுக்கும் அம்மாள் அவளை வானளாவப் புகழ்ந்திருந்தாள். "குரலை அப்படியே கொண்டுவந்துட்டீங்க. மத்தவங்க தொண்டையைச் செருமி ஏதோ பண்றாங்க. உங்களோடது அசல்." அக்கா பூரித்துப்போனாள். குரல் அவளுக்கு ஒரு மாதமாகவே கம்மித்தான் கிடந்தது. சளியாக இருக்கும் என்று வெந்நீர் குடித்தாள், பிறகு வேலைக்கு உதவுகிறதே என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் அறை என்பது அறைகூட இல்லை. பெரிய கூடத்தைத் திரைச்சீலைகளால் தடுத்திருந்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு தண்ணீர் ஜாடி, காகிதக் கோப்பைகள். மூலையில் இன்னொரு நாற்காலியில் தேர்வாளர். நடுத்தர வயது டாக்டரம்மா, மடியில் மதிப்பெண் தாள். மாணவர்கள் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்பதால் தேர்வாளர்கள் முகத்தில் ஒன்றையும் காட்டக் கூடாது. இந்த அம்மா அதில் கரைகண்டவர். மாதிரி நோயாளிகள் தங்களுக்குள் அவரை 'சுவர்' என்று கூப்பிடுவார்கள்.

மணி அடித்தது. முதல் பையன் வந்தான். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. "வணக்கம்மா, நான்தான் இன்னைக்கு உங்களைப் பார்க்கப்போற டாக்டர்" என்று சொல்லும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. கேள்விகளைக் கேட்டான். பின்னால் போய் நின்று கழுத்தைத் தடவினான். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னான். "கட்டி இல்ல, வீக்கம் இல்ல, நார்மல்" என்று மூலையைப் பார்த்து ஒப்பித்தான். சுவர் ஒரு டிக் போட்டது.

இரண்டாவது வந்தவன் கெட்டிக்காரன். கைகளை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டான். அக்கா தண்ணீரை விழுங்கினாள். அவனுடைய இடது கை விரல்கள் சட்டென்று நின்றன. "இன்னொரு வாய் குடிங்கம்மா." குடித்தாள். விரல்கள் அதே இடத்தில் மறுபடி நின்றன. அவன் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. விரல்களை மெதுவாக எடுத்துக்கொண்டான். பிறகு, "நார்மல்" என்றான்.

அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பரீட்சை பயத்தில் என்னென்னவோ செய்வார்கள். ஒருத்தன் அவளுடைய இதயத்தை வலது பக்கம் தேடியிருக்கிறான்.

மூன்றாவது ஆள் போனதும் தேநீர் இடைவேளை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். திரைக்கு அந்தப்பக்கம் இரண்டு குரல்கள் கிசுகிசுத்தன. எழுதி முடித்தவர்களும் எழுதப்போகிறவர்களும் சந்திக்கவே கூடாது என்று சட்டம். எந்தச் சட்டத்துக்கும் ஒரு கழிப்பறை வழி உண்டு.

"அஞ்சாவது ரூம்ல என்ன?"

"தைராய்டு. கழுத்து நார்மல்."

"நிச்சயமா?"

"எனக்கு என்னமோ தட்டுப்பட்ட மாதிரி இருந்துச்சுடா. ஆனா எல்லாரும் நார்மல்னுதான் சொல்றாங்க. மாதிரி நோயாளிக்கு எங்க இருந்து கட்டி வரும்? நார்மல்னு சொல்லிடு, மார்க் வந்துடும்."

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் அக்கா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அழுத்திப் பார்த்தாள். எலும்பா, நரம்பா, குழாயா, எது எதுவென்று அவளுடைய விரல்களுக்குத் தெரியவில்லை. அத்தனை வியாதியையும் மனப்பாடம் செய்தவளுக்குத் தன் கழுத்து எப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. எல்லாம் கட்டி மாதிரியும் இருந்தது, எதுவும் இல்லாத மாதிரியும் இருந்தது.

நான்காவது ஆள் வந்தான். அக்கா பாடத்தை ஒப்பித்தாள். "மூணு மாசமா ஒரே அசதி டாக்டர், முடி கொத்துக்கொத்தா வருது." சொல்லச் சொல்ல, காலையில் சீப்பில் இருந்த முடி ஞாபகத்துக்கு வந்தது. படி ஏறும்போது பாதியில் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அது பாத்திரத்தின் அசதியா, தன்னுடையதா? அவனுடைய விரல்களும் இடது பக்கம் நின்றன. நின்று, அவசரமாக நகர்ந்தன. "நார்மல்."

ஐந்தாவது ஒரு பெண். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்த ஏதோ ஒன்று வியர்வையில் பாதி அழிந்திருந்தது. அவள் மூன்று முறை தண்ணீர் குடிக்கச் சொன்னாள். மூன்று முறையும் அதே இடம். அவளுடைய மூச்சு அக்காவின் பிடரியில் பட்டது, பிறகு நின்றுபோயிற்று. முன்னால் வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. அக்காவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மதிப்பெண் தாளைப் பார்த்தாள்.

"நார்மல்" என்றாள், அழுகிற குரலில். டிக்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்து கேட்டுவிட்டால் என்ன? ஆனால் விதி இருந்தது. மணிக்கும் மணிக்கும் நடுவே நோயாளி வேஷத்தைக் கலைத்தால் அந்தப் பிள்ளையின் பரீட்சை செல்லாது. போன வருஷம் ஏழாம் அறைப் பெரியவர் நடுவில் சிரித்துவிட்டார். அவரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் இன்னொன்று. கேட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? நடிக்க வந்தவள் தன் நடிப்பைத் தானே நம்பிவிட்டாள் என்று கல்லூரி முழுக்கச் சிரிக்காதா? உயிர்ப் பயத்துக்கு நடுவிலும் மானம் போகுமே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனுஷ புத்தி அப்படித்தான்.

ஆறாவது பையன் விரலை எடுத்ததும் அவள் வேஷத்துக்குள் இருந்தபடியே கேட்டுப் பார்த்தாள். "டாக்டர், கழுத்துல நிஜமாவே ஏதாவது இருக்கா? எனக்குப் பயமா இருக்கு."

பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். தலையை இத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அளவுக்குச் சாய்த்தான். "உங்க பயம் எனக்குப் புரியுதும்மா. உங்க இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

மூலையில் பேனா உரசும் சத்தம் கேட்டது. அந்த வாக்கியத்துக்கு ஒரு மார்க். அக்காவுக்கு அது தெரியும். இரண்டு வருஷத்தில் அதை நூறு பேர் வாயில் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு நிஜமாகப் பயம், பதிலுக்கு வந்தது அதே வாக்கியம். கத்த வேண்டும் போல் இருந்தது. மணி அடித்தது. "நன்றி டாக்டர்" என்றாள், பழக்க தோஷத்தில்.

ஏழாவதாக வந்தவன் ஆறடி உயரம், பெரிய தோள், குழந்தை முகம். அவன் விரல் இடது பக்கம் வந்து தயங்கி விலகப் போனது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காத. இங்கதான. முன்னாடி வந்தவங்களும் இங்கதான் நின்னாங்க. ஏன் நின்னாங்க?"

பையன் மிரண்டான். "உங்க பயம் எனக்குப்…"

"அதைச் சொல்லாத தம்பி. நான் நடிக்கல. என்கிட்ட தையல்கடை எல்லாம் கிடையாது. ஊசியில நூல் கோக்கக்கூட எனக்கு வராது. என் குரல் ஒரு மாசமா இப்படித்தான் இருக்கு. உன் கைக்கு என்ன தட்டுப்பட்டுச்சுன்னு மட்டும் சொல்லு."

டாக்டர் வேஷம் அவன் முகத்திலிருந்து வழிந்து இறங்கியது. மிச்சம் இருந்தது இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. "மேம்" என்று மூலையைப் பார்த்தான். "மேம், இங்க ஒண்ணு இருக்கு. சின்ன நெல்லிக்காய் அளவு. கெட்டியா இருக்கு. வெளியில நார்மல்னு சொன்னாங்க மேம், ஆனா இருக்கு."

சுவர் பேனாவை மூடியது. தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தது. இத்தனை நாளில் அந்த அம்மா அறைக்குள் நடந்து அக்கா பார்த்ததே இல்லை. லேசாகக் காலை இழுத்து நடந்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் நின்றார்.

"தண்ணி குடிங்க."

அக்கா கோப்பையை வாயில் வைத்தாள். விழுங்கினாள். அனுபவப்பட்ட விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போய் நின்றன. நகரவில்லை. கழுத்தில் பட்ட விரல்கள் எத்தனை என்று அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. எல்லாத் திரைகளும் சரசரத்தன. எட்டாவது மாணவி உள்ளே தலையை நீட்டி, "வணக்கம்மா, நான்தான் இன்னைக்கு" என்று ஆரம்பித்தாள்.

"வெளியே நில்லு" என்றார் டாக்டரம்மா. பெரிய பையனையும் தோளில் தட்டி அனுப்பினார். திரையை இழுத்து மூடினார். தன் நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் இப்போது எல்லாம் தெரிந்தது. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. சுவராகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

"உங்ககூட யாராவது வந்திருக்காங்களா?"

அந்தக் கேள்வியும் அக்காவுக்குத் தெரியும். போன பரீட்சையில் இதே ஐந்தாம் அறையில் நடித்தது. கெட்ட செய்தி சொல்வதற்கு முன் டாக்டர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டால் இரண்டு மார்க். அந்தத் தாளில் அவளுக்குப் பதிலும் எழுதியிருந்தது: என் தங்கச்சி வெளியே இருக்கா டாக்டர். இன்றைய தாளில் அப்படி ஒரு வரி இல்லை. அவளுக்குத் தங்கையும் இல்லை.

"இல்ல" என்றாள்.

"கட்டி இருக்கு. என்னன்னு ஸ்கேன் எடுத்து, ஊசியால கட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். நிறையப் பேருக்கு ஒண்ணும் இல்லாமத்தான் போகும். ஆனா குரல் மாறியிருக்குன்னு சொல்றீங்க, அதனால இன்னைக்கே பார்த்துடலாம். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுங்க."

இதில் எது நிஜம், எது பாடம் என்று அக்கா அந்த அம்மாவின் வாயையே பார்த்தாள். நிறையப் பேருக்கு ஒண்ணும் இல்லாமத்தான் போகும். இதையும் கேட்டிருக்கிறாளே. சொல்லிவிட்டுக் கையைப் பிடித்தால் ஒரு மார்க் என்று தாளில் இருந்ததே. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். அவருடைய உள்ளங்கையும் ஈரமாக இருந்தது.

கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்து போனை எடுத்தாள். விதிப்படி அணைத்துவைத்திருந்தாள். அது உயிர் பெறுவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று.

மறுமுனையில் காரின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, இன்னும் நாலு மணி ஆகலியே" என்றார் அவர், குஷியாக. "அதுக்குள்ள குணமாயிட்டியா?"

அக்கா வாயைத் திறந்தாள். கம்மிய குரல்தான் வந்தது. அவளுடைய சொந்தக் குரல்.

"இல்ல. குணமாகல."

இரண்டு வருஷமாக அவர் இதற்கெல்லாம் ஒரு பதில் கைவசம் வைத்திருந்தார். இப்போது இண்டிகேட்டர் மட்டும் அடித்தது. பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "ஓரமா நிறுத்துங்க. மெதுவா. பயப்படாதீங்க, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு" என்று சொல்வது கேட்டது. தினமும் பத்துப் பேரிடம் சொல்லும் வாக்கியம். இன்றைக்கு அதில் அவருடைய குரல் உடைந்தது.

"எந்த வாசலுக்கு வரணும்?" என்று கேட்டார்.

"முன் வாசலுக்கு வாங்க" என்றாள் அக்கா.