நெகட்டிவ் என்று போட்டிருந்தது

கனகலட்சுமி படித்தவள். சென்னையை அடுத்த வடக்குப்பட்டில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பிளஸ் டூ தேறியவள் அவள் ஒருத்திதான். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸோ பேங்க் கடிதமோ, எது வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, செல்போன் கம்பெனியில் ஆறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்ததில் மிஞ்சியது கால் வலியும், படித்தவள் என்ற இந்தப் பெயரும்தான்.

ஏழு மாதப் பிள்ளை நிலவனுக்கு வாய்ப்புண் ஆறவில்லை, இருமல் விடவில்லை. சென்னையில் ஒரு பெரிய டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட்டைத் தன்னிடம் காட்டும்வரை வெளியாள் யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனாள். அன்றைக்குப் பார்த்து டாக்டர் லீவு. ஜன்னல் வழியே தாளைக் கொடுத்தார்கள். பாதி புரியவில்லை. ‘சிடி 3’ என்பதற்கு எதிரே மட்டும் ‘நெகட்டிவ்’ என்று தெளிவாக இருந்தது. போன வருஷம் புருஷன் பேச்சிராஜுக்கு டெங்கு நெகட்டிவ் என்று வந்தபோது வீடே நிம்மதியாக மூச்சு விட்டதே, அதே வார்த்தை. மறுபடி வர லீவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் களைப்பில் அது நல்ல சேதியாக இருந்தே ஆகவேண்டியிருந்தது அவளுக்கு. படிப்பு என்ன படிப்பு.

“ஒண்ணுமில்லையாம்” என்றாள் பேச்சிராஜிடம்.

வீட்டுக்காரம்மா கோவிந்தம்மா அன்றே வந்துவிட்டாள். “அதான் நெகட்டிவ்னு வந்துகீதே, இன்னும் இன்னாத்துக்கு கொயந்தைய பொத்தி வச்சிகினு கீற? குடு இப்டி.” அப்புறம் பிள்ளை வீடு வீடாக, இடுப்பு இடுப்பாகப் போனான். கொஞ்சாத ஆளில்லை.

பதினைந்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சலில் மூச்சு இரைத்தது. இருவரும் சென்னைக்கு, அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. இருக்க வேண்டிய ஒண்ணு இல்லைன்னு அர்த்தம். நோயை எதிர்க்கிற ரத்த அணுவோட மேல்பரப்புல சில மூலக்கூறு இருக்கணும். ‘வளரு’ன்னு உடம்பு சொல்றதை வாங்கிக்கிறதே அதுதான். இவனுக்கு அதுல ஒண்ணு, இந்த சிடி 3, பிறவியிலேயே இல்லை போலிருக்கு. அதனால அந்த அணு வளரவே இல்லை. சின்னச் சளியைக்கூடத் தாங்க மாட்டான். எலும்பு மஜ்ஜை மாத்தலாம். ஆனா முதல்ல இந்தக் காய்ச்சல்லேருந்து தப்பிக்கணும்.” பிறகு குரல் மாறியது. “காட்டாம வச்சிருந்திருக்கீங்க. யார் இதைப் படிச்சது?”

கனகலட்சுமி பிள்ளையின் மேல் துண்டை இழுத்துவிட்டாள்.

“நாந்தான் சார்” என்றான் பேச்சிராஜ். “நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்.”

அவனுக்குப் பஸ் போர்டு படிக்கவே ஆள் வேண்டும். டாக்டர் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வாங்கினான். அவள் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறதே.

“தனி ரூம். ஒருத்தருக்குத்தான் அனுமதி” என்றார் டாக்டர். “பொறுப்பா இருக்கிற ஆள் வேணும். அம்மா மட்டும் வாங்க. நீங்க உள்ள வரவே கூடாது.”

பேச்சிராஜ் பிள்ளையின் பாதத்தைத் தொடக் கையை நீட்டி, பிறகு தானே இழுத்துக்கொண்டான். “சரி சார்” என்றான்.

அவள் பிள்ளையோடு உள்ளே போனாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.