இரண்டு பக்கமும் சமம்

"ரெண்டு பக்கமும் சமம், மேடம்."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவிலியர் பள்ளியில் எலும்பு, மூட்டு, தசைப் பரிசோதனை சொல்லிக்கொடுப்பது என் வேலை. தோளைப் பார், முட்டியை மடக்கு, கையைப் பிடித்துத் தள்ளச் சொல், வலதையும் இடதையும் ஒப்பிடு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். செய்முறைத் தேர்வன்று இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவிவிட்டு, "பலம் அஞ்சுக்கு அஞ்சு, சமம்" என்று ஒப்பித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கட்டிலில் நோயாளியாக உட்காருபவர் வருடா வருடம் என் வீட்டுக்காரர்தான். செல்போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு, ஓசி டீக்காக வந்துவிடுவார். கல்லுக்குண்டு உடம்பு. அதில் சமமில்லாமல் என்ன இருக்கப்போகிறது? "என் உடம்பைப் படிச்சுத்தான்டி பாதி ஊர் நர்ஸ் ஆச்சு" என்று அலட்டிக்கொள்வார்.

அதனால் இந்த வருடம் ஒரு பொறி வைத்தேன்.

"வலது கையில பலமே இல்லாத மாதிரி நடிக்கணும், சொதப்பிடாதீங்க" என்று காலையில் கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். வலது பக்கம் போ என்றால் இடது பக்கம் திரும்புகிற ஆசாமி. "வாட்ச் கட்டாத கைதான் வலது. ஞாபகம் இருக்கட்டும்."

"சரிங்க டீச்சரம்மா. இந்தா, இந்தப் பித்தானைப் போட்டு விடு."

"சின்னப் பிள்ளையா நீங்க?"

"கட்டின பொண்டாட்டிகிட்ட கேக்காம பக்கத்து வீட்லயா போய்க் கேப்பேன்?"

கொஞ்ச நாளாகவே இந்தக் கொஞ்சல். தலை நரைத்த பிறகு மனுஷனுக்கு என்ன வந்தது என்று வாய் திட்டியதே தவிர, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. போட்டுவிட்டேன்.

தேர்வில் நான் நினைத்தபடியே நடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு அவர் கட்டிலில் உட்கார, வந்தவளெல்லாம் சமம், சமம் என்றாள். நானும் சளைக்காமல் சைபர் போட்டேன். கடைசியாக வந்தவள் ஆமை வேகக்காரி. ஒரு நாடி பார்க்கச் சொன்னால் அரை நாளை முழுங்குவாள். அவருடைய விரல்களை விரிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்தினாள். வலதிலிருந்து இடதுக்குப் போனாள், மறுபடி வலதுக்கு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வலது கை சட்டுன்னு விடுது, அப்புறம் புடிக்குது, மேடம். வேணும்னே விடுற மாதிரி இருக்கு. இடது கைலதான் நிஜமாவே பலம் கம்மி. கட்டைவிரல் பக்கத்துல சதை வத்தியிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணு பொடனிலயா இருக்கு? நல்ல கையைக் கெட்ட கைன்னு எழுதினா நோயாளி என்னடி ஆவான்? குத்துமதிப்பா அடிச்சு விடுறியா? போ வெளியே!"

அழுதுகொண்டே போனாள். அதே வேகத்தில் இவர் பக்கம் திரும்பினேன். "வழக்கம்போல கையை மாத்திட்டீங்களா?"

"சத்தியமா இல்லடி. வாட்ச் இல்லாத கைலதான் நடிச்சேன். இதை ஒழுங்காத்தான் வெச்சிருந்தேன்" என்று சிரித்தபடி இடது கையை நீட்டினார்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருக்க வேண்டிய சதை பள்ளமாக இருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. ஐயோ, தினமும் பார்க்கிற கை. இதை நான் எப்போதுதான் பார்த்தேன்?

மதிப்பெண் தாளை அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். இழுத்தேன். கட்டைவிரலின் நுனி மடங்கிப் போராடியது, தாள் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது.

"விளையாடாதீங்க. முழு பலத்தோட புடிங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "முழு பலத்தோடதான் புடிச்சேன்."

பிறகு கையை உதறிவிட்டுக்கொண்டு, "கடைல திருகாணி கை நழுவிக்கிட்டே இருக்கு. இப்பல்லாம் ரொம்பப் பொடிசா செய்றானுங்க" என்றார்.

முழங்கையில் நரம்பு மாட்டியிருக்கலாம். கழுத்தில் நசுங்கியிருக்கலாம். துடிப்பும் சேர்ந்து வந்தால் இன்னொன்றாகவும் இருக்கலாம். அந்த இன்னொன்றுக்கு மருந்து கிடையாது. கையில் ஆரம்பித்து காலுக்குப் போய், கடைசியில் மூச்சில் போய் நிற்கும். வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் வேகமாகத் தாண்டிவிடுவேன். சொந்த மனுஷரை நாமே சோதிக்கக் கூடாது, பயம் கண்ணைக் கட்டிவிடும் என்று பாடம் நடத்துகிறவள் நான். கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இன்னொரு தடவை பாரும்மா."

அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். இந்தத் தடவை ஆமை வேகம் இல்லை. இரண்டு கையையும் ஒரு பிடி பிடித்தாள். அவர் கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"சமம்தான், மேடம். அஞ்சுக்கு அஞ்சு. முன்னாடி நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார் இவர். "பாத்தியா? அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. சும்மா கெடந்தவனைப் பயமுறுத்திட்டியே."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்யை அவள் வாயில் திணித்ததே நான்தான். அதைவிடக் கேவலம், ஒரு நொடி அதை நம்பிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. "நீ முதல்ல சொன்னதுதான் சரி" என்று அவளிடம் சொன்னேன்.

அவர் எதுவும் காதில் விழாதவர்போல எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, என் எதிரில் வந்து மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"கடையைத் திறக்கணும், நேரமாச்சு. பித்தானைப் போட்டு விடு."

"நீங்களே போடுங்க" என்றேன்.

அவர் கை பித்தானுக்குப் போகவில்லை. திறந்த சட்டையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.